வலைக்கு அந்தப் பக்கம்

"இன்னிக்கு நான் யாரு?" என்று கேட்டாள் தங்கை, ஷூ லேஸை முடிந்துகொண்டே.

தினமும் காலையில் கேட்கும் கேள்விதான். அக்காவோடு டென்னிஸ் பயிற்சி ஆடுவது அவள் வேலை. சும்மா ஆடினால் போதாது. அக்கா எந்த எதிராளியைச் சொல்கிறாளோ, அவளாகவே மாறி ஆட வேண்டும். போன வாரம் முழுக்க அவள் 'ஒட்டகம்'. பந்தைத் தலைக்கு மேல் எழும்ப வைக்கும் உயரமான ஆட்டக்காரிக்கு இருவரும் வைத்த பட்டப்பெயர். அதற்கு முந்தின வாரம் 'குக்கர்', அடிக்கு அடி விசில் போலக் கத்துகிறவள். தங்கை அந்த விசிலையும் விடாமல் அடித்துக் காட்டுவாள்.

அக்கா உலகின் முதல் பத்துப் பேரில் ஒருத்தியாக இருந்தவள். மணிக்கட்டு உடைந்து, அறுவை சிகிச்சை ஆகி, இரண்டு வருடமாகப் போட்டிப் பக்கமே போகவில்லை. இப்போது பெரிய போட்டி ஒன்றில் அவள் கேட்டதற்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்று மதியத்துக்குள் உறுதி சொல்லியாக வேண்டும். அவர்களே போன் செய்வார்கள்.

"இன்னிக்கு நீ நானா இரு," என்றாள் அக்கா. "கை உடையறதுக்கு முன்னாடி இருந்த நான்."

லேஸ் தங்கையின் விரலிலேயே நின்றுவிட்டது.

யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அக்காவின் மணிக்கட்டுப் பக்கம் போகும் பந்துகளில் எல்லாம் அவள் கொஞ்சம் வேகத்தைக் கழித்துவிடுவாள். கழிக்காவிட்டால் அந்தக் கை தாங்காது. அவள் பேசாமல் இருந்தால், நிறைந்த அரங்கத்தின் நடுவில் அக்கா தோற்றுத் தலைகுனிவாள். சொல்லிவிட்டால், அக்காவின் ஆசையை உடைத்தது இவள் வாயாக இருக்கும்.

பழைய அக்காவோ யாருக்கும் எதையும் கழித்துக் கொடுத்தவள் இல்லை.

உள்ளரங்கத்தின் கண்ணாடிக் கூரையில் பனி படிந்திருந்தது. வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் போல ஆடுகளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பந்துச் சத்தம் எங்கிருந்தோ கேட்பது போல் இருந்தது. தங்கை அக்காவைப் போலவே தோளைக் குலுக்கிக்கொண்டாள், அக்காவைப் போலவே பந்தை நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், அடித்தாள். எதிரே நின்ற அக்கா பந்தைத் துரத்துவதைக்கூட மறந்து, தூக்கத்தில் கண்டதை விழித்தும் காண்கிறவள் போல நின்றாள்.

"பந்து அங்க போயிடுச்சும்மா," என்றார் பெஞ்சில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பிசியோதெரபிஸ்ட்.

அவருக்கு ஒரு பழைய குறை உண்டு. அக்காவின் கையைப் பார்க்கத்தான் அவரை வைத்திருந்தார்கள். அக்காவோ, ஓடுகிறவள் அவள்தானே, அவளை முதலில் பாருங்கள் என்று தினமும் தங்கையிடம் தள்ளிவிடுவாள். உண்மையில் யார் நோயாளி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பார் அவர்.

அடுத்த பந்து மணிக்கட்டுப் பக்கம் முழு வேகத்தில் போனது. அக்காவின் ராக்கெட் கையிலிருந்து நழுவித் தரையில் சுற்றியது.

தங்கை வலையருகே ஓடினாள். இத்தனை நாள் வேகத்தைக் குறைத்துத்தான் அடித்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அழுகையும் சேர்ந்துகொண்டது.

"வேணாங்க்கா. போன் வந்தா இல்லன்னு சொல்லிடு."

அக்கா குனிந்து ராக்கெட்டை இடது கையால் எடுத்தாள். கோபப்படவில்லை.

"நீ வேகத்தைக் குறைச்சது எனக்குத் தெரியாமலா இருக்கும்? சரி, ஒரே ஒரு கேம். இப்ப நீ நீயாவே ஆடு."

"அவ எப்படி ஆடுவான்னே மறந்துபோச்சுக்கா."

அது பொய்யும் இல்லை. சின்ன வயதுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள்தான். அக்காவுக்குத் துணையாக வந்த பிறகு தன் ஆட்டத்தை எங்கே வைத்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். ஒட்டகத்தின் உயரம் வந்தது. குக்கரின் வெறி வந்தது. அக்காவின் மணிக்கட்டுச் சுழற்சியும் வந்தது. கடைசியில், இவர்கள் யாரிடமும் இல்லாத ஓர் அடி. பந்து வலையைத் தாண்டியதும் யோசனை மாறியதுபோல் மெல்ல இறங்கி அங்கேயே அடங்கியது. அக்கா ஓடவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பைக்குள் போன் அடித்தது. பிசியோ கொடுத்த ஐஸ் பையை வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் எடுத்தாள் அக்கா.

"ஆமாங்க, உறுதிதான்."

தங்கை முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள்.

"இல்லங்க, என்னால இனிமே முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே. அங்க ஆட வர்ற ஒவ்வொருத்தர் ஆட்டமும் என் தங்கச்சிக்கு அத்துப்படி ஆகணும்னுதான் இத்தனை நாள் டைம் கேட்டேன். அவ பேரை எழுதிக்குங்க."