நாலு எலுமிச்சம்பழம்

நுவரெலியா ஏரியில் பனி விலகி, இளவெயில் தண்ணீரில் இறங்குகிறது. சீமைக்குப் போகும் துரை விற்கிற மோட்டார் படகு கரையோரம் ஆடிக்கொண்டிருக்கிறது. குடும்பத்துக்குப் படகு வாங்கப்போவதாகக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்ட துணிக்கடை வீரபத்திரன், ஒரு காலைப் படகிலும் மறு காலைக் கரையிலும் வைத்து, துரையின் டிரைவர் மாயாண்டியின் தோளை இறுகப் பிடித்தபடி நிற்கிறார். அடியில் தண்ணீர் களக் களக்கென்கிறது. அவருக்குத் தலை சுற்றுகிறது. நீச்சல் தெரியாது, அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அவர் மனைவி சீதாலெட்சுமி, புது வண்டியின் சக்கரத்தடியில் வைத்து நசுக்க நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருக்கிறாள். அவர் முகத்தை ஒரு தரம் பார்க்கிறாள். பிறகு குனிந்து படகை முன்னும் பின்னும் தேடுகிறாள்.

“சக்கரமே இல்லீங்களே, பழத்த எங்க வைக்கிறது?”

மாயாண்டி சிரிக்கிறான். “தண்ணியில ஓடுறதுக்குச் சக்கரம் எதுக்கும்மா?”

“திருஷ்டி கழிக்காத வண்டியில எம் புள்ளைங்கள ஏத்தமாட்டேன். வேணாங்க.”

வீரபத்திரனின் இரண்டு காலும் அதற்குள் கரையில் இருக்கின்றன. “பொம்பள பேச்சக் கேட்டா ஒண்ணும் வாங்க முடியாது!” என்று ஏரிக்கே கேட்கும்படி அதட்டிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறார். சீதாலெட்சுமி ஒரு பழத்தை நகத்தால் கீறி, அவர் கையில் மெல்ல வைக்கிறாள்.

“மோந்து பாருங்க. தலச்சுத்து நிக்கும்.”