மறுபடியும் வந்தாச்சா?

“நிலா தண்ணியில தெரியுது, சுவத்துப் பாசி இழை இழையா தெரியுது, கிழவியோட பல்லுல கறைகூட—” முதலாளி போனில் அடுக்கினார்.

“பல்லை யார் சார் கேட்டா? கிழவி வாயைத் திறந்தா சிரிப்பு வருதுன்னு ரசிகருங்க எழுதியிருக்காங்க. நான் அப்பவே சொன்னேன், பழைய குரலை—”

“அப்பவே சொன்னவர் அந்தக் குரலைக் கொண்டு வாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா உங்க நாற்காலியையும் மேம்படுத்திடுவோம்.”

முதலாளி போனை வைத்துவிட்டார். ஒலிப்பதிவாளர் தன் வீட்டு வாசலிலேயே நின்றார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கம்பெனி வெளியிட்ட வீடியோ கேம் அது. பாழடைந்த பங்களா, அதற்குள் சாவிக்கொத்தோடு ஒரு கிழவி. ஆடுகிறவன் செத்துச் செத்து வாசலுக்கே திரும்பி வருவான். ஒவ்வொரு தடவையும் கதவு கிறீச்சிடும். உள்ளேயிருந்து கிழவி, “மறுபடியும் வந்தாச்சா?” என்று கேட்டு மெல்லச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினவர்கள் எல்லாம் இப்போது பெரியவர்களாகிக் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் தலையிலேயே அதே பங்களாவை வெள்ளையடித்து இன்னொரு தடவை கட்டுவதற்குப் பெயர் மேம்படுத்திய பதிப்பு.

எல்லாம் மேம்பட்டது. குரல் மட்டும் மசியவில்லை. பழைய பதிவில் ஒரே இரைச்சல். அதைத் துடைத்தால் சிரிப்பும் கூடவே போய்விடுகிறது. ஆறு நடிகைகள் வந்து தொண்டை வறள அதையே கேட்டுப் பார்த்தார்கள். முன்னோட்டம் பார்த்த ரசிகர்கள், கிழவிக்கு ஜலதோஷமா என்று விசாரித்தார்கள்.

பழைய குரல் யாருடையது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஏதோ நாடக நடிகை, ஊரை விட்டே போய்விட்டாள் என்று ஒலிப்பதிவாளர் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அது அவர் மனைவி. கல்யாணமான புதிதில், வாடகை வீட்டுக் கதவின் கிறீச்சைப் பிடிப்பதற்காகத் தோள்பையில் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தார். மூன்றாவது தடவை, சமையலறையிலிருந்து அவள் கேட்ட கேள்வியும் சிரிப்பும் கதவுச் சத்தத்தோடு சேர்ந்து விழுந்துவிட்டன. வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்தார். கிழவி பிறந்தாள். மனைவியிடம் மூச்சு விடவில்லை. கேம் என்றாலே அவளுக்கு ஆகாது, கேட்கவா போகிறாள்?

இப்போது சட்டைப் பையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. அன்றைக்கு எரிச்சலில் கேட்டுச் சிரித்ததை எரிச்சல் மூட்டித்தானே வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பெல்லை அடித்தார்.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். கூடத்து மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து கதவைத் திறந்தாள், திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து குடை வேண்டும் என்றார். வெளியே வெயில் கொளுத்தியது. குடை இருக்கும் இடத்தை அவள் சிவப்புப் பேனாவால் காட்டினாள்.

மூன்றாவது தடவை சேற்றுக் காலோடு வந்தார். அந்த வெயிலில் சேறு கிடைப்பதற்குப் பூந்தொட்டியில் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அவள் ஒரு பழந்துணியைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். நான்காவது தடவை வந்த வேகத்தில் விடைத்தாள் கட்டை முழங்கையால் இடித்துத் தள்ளினார். அவள் குனிந்து பொறுக்கி, எண் வாரியாக அடுக்கி, விட்ட இடத்திலிருந்து திருத்த ஆரம்பித்தாள்.

கேம் வெளிவந்த காலத்திலிருந்து என் வீட்டுக்காரி குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசினதில்லை என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வார். அந்தத் தங்கமான குணம் இன்றைக்கு அவர் வேலைக்கு உலை வைத்துவிடும் போலிருந்தது.

ஐந்தாவது தடவை உள்ளே வந்தபோது மணி நாலே முக்கால். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, மனுஷன் போறான் வர்றான், போறான் வர்றான். ஏன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா உனக்கு?”

“என்ன கேட்கணும்?”

“ஏதாவது கேளு. திட்டு. எருமை மாதிரி சேத்தோட வர்றியேன்னு கேளு.”

“நான் என்ன கேட்கணும்னு நீங்களே சொல்லிடுங்களேன்.”

“அந்தப் பழைய வீட்டுல கேட்டியே, மறுபடியும் வந்தாச்சான்னு, அப்படியே எரிஞ்சு விழுந்து—”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து வந்து, அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது. அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கேட்டுவிடப் போகிறாள் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க கிழவியை கேம் வந்த வாரமே பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா கேட்டுட்டேன்” என்றாள், போனைப் பார்த்து. “எரிச்சல் இல்லைங்க அது. நீங்க மூணு தடவை திரும்பி வந்தது என்னைப் பார்க்கத்தான்னு நினைச்சேன். அதான் சிரிச்சேன்.”