பால் பவுடர் டப்பா

"பாதி சம்பளத்தை நாஷ்டா கடையில துன்னுட்டு வர்ற, நீயெல்லாம் ஒரு புருசனா?" கிறிஸ்டினா தட்டை வீசினாள்.

"வாரத்துக்கு ஒரு பொடவை வாங்குற, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?" நைட் ஷிப்ட் முடிந்து வந்த இம்மானுவேல் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கம்மா வளத்த லட்சணம்."

"உங்கப்பன் மட்டும் இன்னா, குடிச்சே செத்தவன்தானே."

கிறிஸ்டினா குனிந்து, வீசிய தட்டை எடுத்து வைத்தாள்.

பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சம்பாரிக்கிறீங்க. காலங்காத்தால இன்னா பேஜாரு இது?" அதட்டிவிட்டுப் போனாள்.

இம்மானுவேல் கதவைச் சாத்திவிட்டு, டிவி பக்கத்திலிருந்த பால் பவுடர் டப்பாவைத் திறந்தான்.

திட்டுக்கு ஐம்பது ரூபாய் அபராதம் என்று கிறிஸ்டினா வைத்த டப்பா. சும்மா சேர்க்கச் சொன்னால் இருவருக்கும் கை வராது. சண்டை போட்ட மாதங்களில்தான் காசு சேர்ந்தது. அதனால் பாப்பா ஸ்கூல் ஃபீசுக்குக் குறையும்போதெல்லாம் பேசி வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

"ஆளுக்கு ரெண்டு திட்டு." அவன் நூறு ரூபாய் போட்டான். அவளும் போட்டாள்.

டப்பாவை மூடப் போனவன் கையை அவள் பிடித்தாள்.

"இன்னும் ஐநூறு போடு."

"எதுக்கு?"

"எங்கப்பாவைச் சொன்னியே, அது நடிப்பு இல்ல."

இம்மானுவேல் பர்ஸைத் திறந்தான்.