பிறந்த வீட்டுக் கோடி

கார்க் கதவு திறக்கவில்லை. கண்ணாடி மட்டும் இறங்குகிறது. மலேசியாவின் பெடாஸ் தோட்டத்துச் செம்மண் சாலையில் சாவு மேளம் சட்டென்று நிற்கிறது. "மச்சான், கிட்ட வராதீங்க! ஜொகூர் எல்லையில செக் பண்ணாங்க. எனக்குக் கோவிட். நேரா வீட்டுக்குப் போய்த் தனியா இருக்கச் சொல்லிட்டாங்க" என்கிறான் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் தேவன். எதிரே பந்தலுக்குள் அவன் அக்கா ரோகினியின் உடல். அவள்மீது போர்த்த வேண்டிய கோடிப் புடவை அவன் மடியில் இருக்கிறது. "தம்பி கோடி போடாம எப்படிலா தூக்குறது?" என்று பந்தலிலிருந்து ஒரு கிழவி கேட்கிறாள். அக்காவின் கணவர் வீரமுத்து பந்தலோரம் போகிறார். எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பை எடுத்து, அதன் அரிவாளைக் கழற்றி வைத்துவிட்டு, கார் ஜன்னலை நோக்கி நீட்டுகிறார். தேவன் புடவையை நுனியில் மாட்டுகிறான். அரக்குச் சிவப்பில் மதிய வெயில் வழுக்குகிறது; சானிடைசர் மணக்கிறது. "மாட்டிட்டியா? விடுப்பா, நான் போத்திடறேன்." "விட்டுட்டேன் மச்சான்." விடவில்லை. கம்பு நடுங்குகிறது. அந்த முனையில் அவன் அழுவது இந்த முனையில் வீரமுத்துவின் உள்ளங்கைக்குத் தெரிகிறது. அவரும் இழுக்காமல் நிற்கிறார்.