மெத்துமெத்துக் கட்டில்

“கல்யாணம் பதிஞ்ச அடையாளப் புத்தகம் இல்லாம ஒரே அறை தர முடியாது ஹாஜி. மஷ்ஹத்ல எங்க போனாலும் இதுதான் சட்டம்” என்றான் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெஹ்ஸாத்.

ஃபரமர்ஸுக்கு வியர்த்தது. “ஊர்லயே மறந்துட்டோம் தம்பி. முப்பத்தஞ்சு வருஷமா இவகூடத்தான் மாரடிக்கிறேன்.”

“யாரு மாரடிக்கிறது?” தாஹெரா சீறினாள். “இமாம் தர்காவுக்குப் பக்கத்துல, மெத்துமெத்துன்னு கட்டில் வேணும்னு இழுத்துட்டு வந்தது நீங்கதானே?”

“பாத்தியா தம்பி? புருஷன் பெண்டாட்டியத் தவிர யாரு இப்படிச் சண்டை போடுவாங்க?”

பெஹ்ஸாத் சிரித்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, கைக்குட்டைக்காகத் தாஹெரா பையைத் துழாவ, ‘மறந்துபோன’ இரண்டு அடையாளப் புத்தகங்களும் மேசையில் விழுந்தன. அவன் ஆவலோடு புரட்டினான்.

“விவாகரத்தாகி மூணு வருஷம் ஆச்சே!”

கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பெஹ்ஸாதுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பிரிஞ்சவங்கள இமாமே சேத்து வச்சிருக்காரு! பக்கத்துக் கட்டடம்தான் கல்யாணப் பதிவாளர் ஆபீஸ். பத்தே நிமிஷம். நானே சாட்சி!”

யாரோ மிட்டாய்த் தட்டை நீட்டினார்கள். ஃபரமர்ஸ் தாஹெராவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“வேண்டாம் தம்பி. தனித்தனி அறையே குடு.”

“கல்நெஞ்சக்காரன்!” என்றது ஒரு குரல்.

மூன்றாம் மாடியில் அவர் இறங்கும்போது, ஏழாம் மாடிச் சாவியோடு லிஃப்டில் நின்ற தாஹெரா வெடித்தாள்:

“‘புருஷன் இல்லாத மகளுக்குத்தான் செத்துப்போன அப்பன் பென்ஷன் வரும், காகிதத்துல மட்டும் நாம பிரிஞ்சுக்கலாம்’னு யோசனை சொன்னீங்களே! அந்தப் பென்ஷன்லதான் இப்ப ரெண்டு அறை. போய்ப் படுங்க, மெத்துமெத்துன்னு!”