துப்பாக்கிக்கு ஒரு டிக்கெட்

“பாய், பூனாவுக்கு ஒரு பிளேன் டிக்கெட் போடு. கூட என் துப்பாக்கியும் வருது.”

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த நஜீர் அகமதுவின் விரல் நின்றுவிட்டது. திருத்தணி பஸ் ஸ்டாண்டு எதிரில் டிராவல்ஸ் வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு பயணி வந்ததில்லை.

தீனதயாளன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்து வேட்டைத் துப்பாக்கி, நாடு முழுக்கச் செல்லும் லைசென்ஸ், எல்லாம் முறையாகவே இருந்தன. முறையாக இல்லாதது அவர் முகம்தான்.

பூனாவில் இருப்பது அவர் மகள் கயல்விழி. மூன்று மாதக் கர்ப்பிணி. கூடவே மாப்பிள்ளை.

“பொண்ணு வூட்டுக்குத் துப்பாக்கி எதுக்குண்ணா?”

“ரெண்டு வாட்டி எம்பொண்ண அழ வெச்சிட்டானுங்க. வாயால சொல்லிப் பாத்தேன், எழுதிக் குடுத்தும் பாத்தேன். இனிமே துப்பாக்கி பேசட்டும்.”

கயல்விழியின் கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளித்தவர் நஜீர். மாப்பிள்ளை, இட்லியைப் பிட்கக்கூட அனுமதி கேட்கிற ஜாதி.

எப்பேர்ப்பட்ட வீரனையும் தடுத்து நிறுத்தும் சக்தி விமானக் கம்பெனியின் கட்டணத்துக்கு உண்டு. அந்த நம்பிக்கையில் நஜீர் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“துப்பாக்கிக்குத் தனிக் கட்டணம் சார்,” என்றது ஒரு பெண் குரல். “டிக்கெட்டைவிடக் கொஞ்சம் அதிகம்.”

“கேட்டியாண்ணா? உன்னவிட அதுக்கு ரேட்டு ஜாஸ்தி. வுட்டுடு.”

“கட்றேன்.”

“குண்டு இல்லாம, கெட்டியான பெட்டியில வச்சுப் பூட்டணும் சார். எங்க ஆள் ஒருத்தர் கூடவே போய்க் கையாலயே ஏத்துவார். இறங்கினதும் உங்க கையில குடுத்துக் கையெழுத்து வாங்குவார்.”

காசு கொடுத்த மனிதனை முட்டி மடக்கி உட்காரவைத்து, குடிக்கிற தண்ணீரையும் விற்கிற கம்பெனி, துப்பாக்கிக்கு மட்டும் மாப்பிள்ளை மரியாதை செய்தது.

தீனதயாளன் போன் பக்கம் குனிந்தார். “பெட்டிய தலகீழா வெக்க மாட்டீங்க இல்ல?”

“மாட்டோம் சார்.”

அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் நஜீருக்குத் தாங்கவில்லை. போனை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, உங்க சாமி, எங்க சாமி, ரெண்டு பேர் மேலயும் ஆணை. வயித்துல புள்ளய வெச்சிகினு கீது பொண்ணு. மாப்பிள்ளய ஒண்ணும் பண்ணிடாத!”

தீனதயாளன் திருதிருவென்று விழித்தார்.

“மாப்பிள்ளயா? அவரு தங்கம் பாய்! நான் சொல்றது இந்த பிளேன்காரனுங்கள. மசக்கைக்காரி கேக்கறாளேன்னு அவங்கம்மா போட்ட ஆவக்காயை ஜாடியோட எடுத்துகினு போனேன். எண்ணெய்ப் பண்டம், கையில வெச்சிக்கக் கூடாதுன்னு வாங்கி, பெட்டியோட தூக்கிப் போட்டு ரெண்டு வாட்டியும் ஒடச்சிட்டானுங்க. பொண்ணு சில்லைப் பாத்துகினு அழுவுது.”

“அப்ப துப்பாக்கி?”

“அந்தப் பெட்டியிலதான் ஜாடியும்… துப்பாக்கி ஜாடிக்குக் காவலு.”