துண்டுக்குள் நாலு விரல்

"இருபதாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூவா கிடையாது" என்றார் அய்யாத்துரை.

மாரிசெல்விக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அண்ணாச்சி, நாப்பதுன்னு போட்டோவோட போனுல போட்டிருக்கேன். பாத்துட்டுத்தான வந்திய? பாதி விலைக்குக் கேட்டா எப்படி?"

"போட்டோவுல புது மாப்பிள்ளை கணக்கா மினுங்குது தாயி. நேர்ல பாத்தா பெயிண்டு உரிஞ்சுல்லா கெடக்கு!"

"பெயிண்டா பூப்போடுது? ஊசிதான அண்ணாச்சி போடுது!"

அது கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். இதைவிடப் பெரிசாக ஒன்று வாங்கப்போகிறாள் மாரிசெல்வி. அதனால்தான் இதை ஆன்லைனில் விற்கப் போட்டிருந்தாள். போட்ட நாளிலிருந்து போனில் ஒரே "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க"தான். ஒருத்தர், பழைய பைக்கு இருக்கு, மாத்திக்கிடலாமா என்றுகூடக் கேட்டுவிட்டார். சங்கரன்கோவிலுக்கு நேரில் கிளம்பி வந்தது இளையரசனேந்தல் பக்கத்து ஆட்டு வியாபாரி அய்யாத்துரையும் அவர் மருமகள் ஞானசெல்வியும் மட்டும்தான்.

மெஷின் ஞானசெல்விக்கு. ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தாள். மயிலின் கழுத்து விழுந்தது, தோகை விரிந்தது. அவளுக்கு மெஷினைவிட்டுக் கையை எடுக்கவே மனசில்லை.

"நல்லாருக்கு மாமா" என்றவள் உடனே சுதாரித்துக்கொண்டாள். "ஆனா எங்கிட்ட இருக்கது இருபதுதான். நைட்டி தைச்சு சேத்தது. அதுக்கு மேலன்னா வாங்க, போயிருவோம். உங்க மவன் உங்கள மொட்டையடிச்சது போதும். உங்க துட்டுல ஒத்த ரூவா எனக்கு வேண்டாம்."

"நான் தாரேன்னு யாரு சொன்னா? எங்கிட்ட ஏது துட்டு?" என்று சீறினார் மாமனார்.

வேட்டி மடி புடைத்துக்கொண்டு நிற்கிறது. மருமகளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் குறைந்தா போவார்? மாரிசெல்விக்கு எரிச்சலாக வந்தது.

தறிக்குக் கிளம்பி நின்ற அவள் புருஷன் பாண்டியராஜ் காதுக்குள் சொன்னான்: "சரியான பிசினாறி! முப்பத்தஞ்சுக்குக் கீழ இறங்கிராத, கேட்டியா."

அய்யாத்துரை தோளில் கிடந்த துண்டை உருவி உதறினார்.

"வாயால பேசி இது முடியாது. துண்டப் போட்டுப் பேசுவோம். வாங்க தம்பி."

ஆட்டுச் சந்தையில் அப்படித்தான். துண்டுக்கு அடியில் ரெண்டு பேர் கையும் போகும். வாங்குகிறவர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, அதுதான் விலை. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பாண்டியராஜ் பின்வாங்கினான். "எனக்குத் தறிதான் தெரியும் அண்ணாச்சி."

"நான் வாரேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள் மாரிசெல்வி.

"நீயா தாயி?"

"எங்க அய்யாவும் ஆட்டு யாவாரிதான். பள்ளிக்கூடம் லீவுன்னா நான் சந்தையிலதான் கெடப்பேன். மக கையின்னு நெனச்சுப் பிடிங்க. ஒரு விரலுக்குப் பத்தாயிரம், சரியா?"

"சரி. வாய் ஒண்ணு பேசும், விரல் ஒண்ணு பேசும். மயங்கிராத!"

துண்டு விழுந்தது. அய்யாத்துரை பிடித்தார்.

மாரிசெல்வி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர் கண் ஒரு தடவை மருமகள் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். மறுபடியும் சண்டை.

"இந்தப் பழைய இரும்புக்கு இருபதே ஜாஸ்தி!"

"பழைய இரும்பா? உங்க கிடாக்குட்டிய மயிலு போடச் சொல்லுங்க, பாப்போம்!"

"அடம்பிடிக்காத தாயி!"

"நீங்கதான் அடம்பிடிக்கிய! விடுங்க அண்ணாச்சி!"

"மாட்டேன்!"

"அப்ப நானும் மாட்டேன்!"

சாக்குக்குள் கோழி புகுந்தமாதிரி துண்டு துள்ளியது. தொட்டிலில் கிடந்த பிள்ளை முழித்துக்கொண்டு வீரிட்டது.

"போதும் மாமா, வாங்க போயிருவோம்" என்றாள் ஞானசெல்வி. அவள் குரல் உடைந்துவிட்டது.

அய்யாத்துரை பெருமூச்சு விட்டுக் கையை எடுத்தார்.

"சரி அண்ணாச்சி. இருபதுக்கே எடுத்துக்கிடுங்க" என்றாள் மாரிசெல்வி.

பாண்டியராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே பர்ஸைத் திறந்தாள் ஞானசெல்வி. பணத்தை எண்ணிக் கொடுத்தாள். "எங்க மாமா பேச உக்காந்தா பாதி விலைதான்!"

"பின்னே! யாருகிட்ட?" என்று மீசையைத் தடவினார் அய்யாத்துரை. பின்பக்கம் திரும்பி நின்று வேட்டியைச் சரிசெய்தார். துண்டைச் சுருட்டிப் பெஞ்சில் வைத்தார்.

மெஷினை ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பியது.

"அண்ணாச்சி, துண்டு!"

"கெடக்கட்டும் தாயி. பிள்ளைக்கு விரிச்சுப் போடு!"

ஆட்டோ தெரு முனை திரும்பியதும் பாண்டியராஜ் பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கிழவன் உன்னய நல்லா ஏமாத்திட்டான்!"

கோபத்தில் துண்டை எடுத்து வீசினான். உள்ளேயிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டில் சின்னக் கட்டு ஒன்று விழுந்தது.

"என்ன இது? பத்தாயிரம் இருக்கும்போலயே!"

"முடிஞ்ச விலை முப்பது. மருமவளுக்குத் தெரியாம மிச்சத்த வச்சுட்டுப் போறாரு" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் மாரிசெல்வி.

அவன் கட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்பவும் பத்தாயிரத்தக் குறைச்சுட்டாரே அந்த மனுசன்!"

"அவரா குறைச்சாரு? எடுத்த எடுப்புல நாலு விரலையும் சேத்துல்லா பிடிச்சாரு! மருமவளுக்காக அவரு நாலு விரலப் பிடிக்கும்போது, நான் ஒண்ணையாவது உருவ வேண்டாமா? நான் உருவுதேன், அவரு பிடிச்சு இழுக்காரு. மறுபடி உருவுதேன், மறுபடி இழுக்காரு. லேசுல விட்டாருங்கிய?"

சிவந்துபோன சுண்டுவிரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டிச் சிரித்தாள்.

"ஆட்டு யாவாரியாம்! கடைசில ஜெயிச்சது நாந்தான்!"